பையில்லாமல் நடப்பது

1

போன வாரம் கிளினிக் வராந்தாவில் ஒரு பெண் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நர்சிங் படிக்கிறாளாம். சர்க்கரை உள்ளவர்கள் எதனால் நடக்கிறார்கள், எதனால் நடக்காமல் இருந்துவிடுகிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டு போக வேண்டுமாம். கன்னடத்தில் தொடங்கினாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு ஆங்கிலத்துக்கு மாறினாள். என் ஆங்கிலத்தைக் கேட்டுவிட்டுத் தமிழுக்கு வந்து சேர்ந்தாள். பெங்களூரில் புது ஆளோடு பேசுவது இப்படித்தான். சாவிக்கொத்தில் ஒவ்வொரு சாவியாகப் போட்டுப் பார்க்க வேண்டும்.

நேரம் கிடைப்பதில்லையா, முட்டி வலியா, நாய்க்குப் பயமா, நடைபாதை சரியில்லையா, வழியில் மயக்கம் வந்துவிடும் என்ற பயமா என்று வரிசையாகக் கேட்டாள். எல்லாம் ஒரு காலத்தில் கொஞ்சம் கொஞ்சம் உண்டு என்றேன். ஒருமுறை வெறும் வயிற்றில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு கிளம்பி, நடுவழியில் கை நடுங்கி, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, கடைக்காரர் என் வாயில் சர்க்கரையைக் கொட்டியது வரைக்கும் சொன்னேன். அன்றிலிருந்து சட்டைப் பையில் இரண்டு மிட்டாய் இருக்கும். எடுத்துக் காட்டினேன், சிரித்தாள்.

"இப்ப தெனமும் நடக்குறீங்கல்ல அங்கிள், அதுக்கு என்ன காரணம்? டாக்டர் சொன்னாங்களா, வீட்டுல சொன்னாங்களா, நீங்களே முடிவு பண்ணீங்களா?"

"என் சம்சாரத்துக்கு மறதி" என்றேன்.

பேனா நின்றுவிட்டது. அதை எங்கே எழுதுவதென்று அவள் தேடிக்கொண்டிருக்கும்போதே உள்ளே என் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். அவளிடம் முடிக்காமல் விட்டதை உங்களிடம் முடிக்கிறேன். ஊரில் இருக்கும் உங்களுக்குத்தான் இது சட்டென்று பிடிபடும்.

2

ஊர் என்றால் தங்கவயல். எங்கள் பாட்டன்மார் வட ஆற்காட்டிலிருந்து வந்து தங்கம் வெட்டப் பூமிக்குள் இறங்கினார்கள். நான் அங்கிருந்து ரயிலேறி இந்த நகரத்துக்கு வந்தேன். இரண்டு முறை பெயர்த்து நட்ட செடி நான். எந்த மண்ணில் நின்றாலும் வேரில் கொஞ்சம் வேறு மண் ஒட்டியிருக்கிறது.

சுரங்கக் குடியிருப்பில் வளர்ந்தவனுக்கு ஒரு கேள்வி காதிலேயே தங்கிவிடும்: எங்க போறே? தங்கம் இருக்கிற இடம். ஆட்களை ஏற்றிக்கொண்டு கேஜ் இறங்கும் குழிப் பக்கமோ, தங்கம் பிரித்தபின் கொட்டிய சயனைட் மண் மேட்டுப் பக்கமோ வெறுங்கையோடு ஒருவன் திரிந்தால் காவல்காரர் நிறுத்தி அந்தக் கேள்வியைத்தான் கேட்பார். ரேஷனுக்குப் போறேன். எண்ணெய்க்குப் போறேன். ஆஸ்பத்திரிக்குச் சோறு கொண்டுபோறேன். ஏதாவது ஒரு பதில் வேண்டும், கையில் அதற்குச் சாட்சியாக ஒரு பை வேண்டும். "சும்மா" என்பது எங்கள் ஊரில் பதில் இல்லை. சும்மா நடந்தவன் அடுத்த கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

என் அப்பா ஷிப்ட் முடிந்து மேலே வந்தால் வீட்டுக்கு நேராக வருவார். வழியில் நின்று ஒரு மரத்தைப் பார்த்தவர் இல்லை. நாள் முழுக்க இருட்டில் குனிந்து நடந்தவருக்கு வெளிச்சத்தில் நடப்பது ஒரு சுகம் என்று எனக்கு இப்போதுதான் தோன்றுகிறது. அவருக்கு அது தோன்றவே இல்லையா, அல்லது தோன்றியும் கையில் பை இல்லாததால் விட்டுவிட்டாரா, தெரியவில்லை.

3

நாற்பதைத் தாண்டியதும் எனக்குச் சர்க்கரை வந்தது. ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் நாற்காலி தேய உட்கார்ந்த உடம்பு. தொழிற்சாலை டிஸ்பென்சரியிலிருந்து ஒரு சீட்டு, அந்தச் சீட்டைக் காட்டி வேறொரு சீட்டு, அதற்கு முத்திரை, முத்திரை போடுகிறவர் சாப்பிடப் போயிருந்தார், இப்படியெல்லாம் போய் ஒருவழியாக டாக்டர் முன்னால் உட்கார்ந்தால் அவர் கன்னடத்தில் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "வாக்கிங் மாடி." நடக்கச் சொல்வதற்கு இவ்வளவு நடக்க விட்டார்களே என்று சரோஜாவிடம் சொல்லிச் சிரித்தேன். சரோஜா என் மனைவி. அவள் சிரிக்கவில்லை.

அவளும் தங்கவயல் பெண்தான். அவள் அப்பாவும் பூமிக்குள் இறங்கியவர்தான். அவருக்கும் சர்க்கரை. ரிட்டையரானபின் நடக்கச் சொன்னார்கள். அவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். காலில் ஒரு புண் வந்தது, ஆறவில்லை, முதலில் விரல்கள் போயின, பிறகு முழங்காலுக்குக் கீழே எல்லாம் போனது. இது எனக்குத் தெரியும். தெரிந்தும் என் காலோடு அதைச் சேர்த்துப் பார்த்ததில்லை.

கொஞ்ச நாள் நடந்தேன். ஆபீஸ் பஸ்ஸிலிருந்து இரண்டு நிறுத்தம் முன்பே இறங்கி, கையில் டிபன் பையோடு, காக்ஸ் டவுன் வீதிகளின் வழியாக வீட்டுக்கு வருவேன். பழைய பங்களாக்களின் வேலிக்குள்ளிருந்து மாலைநேரத்துப் பியானோ கேட்கும். தூங்குமூஞ்சி மரத்தடியில் நிழல் ஈரமாகவே கிடக்கும். அது நடை மாதிரி இருக்காது, வீடு திரும்புவது மாதிரி இருக்கும். அதனால் நடக்க முடிந்தது.

பிறகு தொண்ணூற்றொன்றின் டிசம்பர் வந்தது. காவிரிக்காக நகரம் எரிந்த நாட்கள், தமிழ் பேசினால் அடி விழுந்த நாட்கள். நாங்கள் வீட்டுக்குள் இருந்தோம். அப்பா, அம்மா, இந்த இரண்டு சொற்களும் தமிழுக்கும் கன்னடத்துக்கும் பொது. எங்கள் மகள் வினோ அப்போது பள்ளிக்கூடம் போகிறவள். அந்த நாட்கள் முழுக்க ஜன்னல் பக்கம் நின்றால் அந்த இரண்டு சொற்களைத் தவிர வேறெதையும் உரக்கச் சொல்லவில்லை. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அவளாகவே கண்டுபிடித்தாள். எதிர்வீட்டுக் கன்னடக்கார அம்மா தன் வீட்டுப் பாலில் பாதியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, கதவைத் தானே சாத்திவிட்டுப் போனார்.

எல்லாம் அடங்கியது. நான் மட்டும் அடங்கியே இருந்துவிட்டேன். பஸ் வீட்டுக்கு மிக அருகில் வந்த பிறகே இறங்கினேன். தெருவில் யாராவது "எல்லிகெ சார்?" என்று சாதாரணமாகக் கேட்டாலும் முதுகு சில்லிடும். எங்கே போகிறீர்கள் என்ற அதே கேள்வி, இப்போது இன்னொரு மொழியில். பதில் சொன்னால் என் கன்னடத்தில் இருக்கும் தமிழ் வெளியே எட்டிப் பார்க்கும். ஆக, கேட்கப்படாமல் இருக்க ஒரே வழி, வெளியே போகாமல் இருப்பது.

4

வருடங்கள் போயின. சர்க்கரை ஏறியது, நான் உட்கார்ந்திருந்தேன். ஊரில் சுரங்கத்தை மூடினார்கள். ஷிப்ட் சங்கு ஊதாத ஊரை நினைத்தபடி இன்னும் கொஞ்சம் உட்கார்ந்திருந்தேன்.

வினோ வேலைக்குப் போய்ச் சந்தாபுரா பக்கம் தோழிகளோடு வீடு எடுத்துத் தங்கினாள். ஞாயிற்றுக்கிழமை போன் வரும். பாதி ஆங்கிலம், கால் கன்னடம், மிச்சம் தமிழ். "டாடி, வாக் போனீங்களா?" என்று முடியும். அப்பா எப்போது டாடியானேன் என்று நான் கேட்டதில்லை. முதல் சம்பளத்தில் எனக்கு வெள்ளைக் கான்வாஸ் ஷூ வாங்கிக்கொண்டு வந்தாள். நான் அதை அட்டைப்பெட்டியோடு பீரோவின்மேல் வைத்தேன். எங்கள் வீட்டில் காலை மூடிக்கொண்டு போனவர் அப்பா ஒருவர்தான், அதுவும் கீழே இறங்குவதற்கு. பூட்ஸ் போட்ட காலைப் பார்த்தால் அம்மா வாசல்வரை வந்து நிற்பாள். இதையெல்லாம் வினோவிடம் எப்படிச் சொல்வது? "சைஸ் சரியா இருக்கும்மா" என்று மட்டும் சொன்னேன்.

அவள் ஒருநாள் என்னைப் பூங்காவுக்கு இழுத்துக்கொண்டு போனாள். காலையில் அங்கே ஒரு கூட்டமே வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்வதற்காக இவ்வளவு வேகமா? வெறும் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் பாதி வட்டத்தில் பெஞ்சில் உட்கார்ந்தேன். வினோ முகம் சுருங்கியது. "உங்களுக்காகத்தானே டாடி" என்றாள். என்னால் நடக்க முடியாமல் இல்லையம்மா, எங்கே போகிறேன் என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. இதையும் அவளிடம் சொல்லாமல் எழுந்து வீட்டுப் பக்கம் நடந்தேன்.

5

நான் ரிட்டையராகி வீட்டில் உட்கார்ந்த பிறகுதான் சரோஜாவின் மறதி தொடங்கியது.

முதலில் கறிவேப்பிலை. அடுப்பில் எண்ணெய் காய்ந்த பிறகு நினைவு வந்து, "ஐயோ, வாங்க மறந்துட்டேங்க, ஓடிப் போய் வாங்கியாங்க" என்பாள். பையை எடுத்துக்கொண்டு போவேன். மறுநாள் தீப்பெட்டி. அதற்கு மறுநாள் புளி. தெருமுனைக் கடைக்குப் போய் வருவதற்குள் இஞ்சி நினைவுக்கு வரும், திரும்பிப் போவேன். அலுத்துக்கொள்வேன். "இன்னா பண்றது, வயசாவுதில்ல" என்று சொல்லிவிட்டுத் தாளிப்பைப் பார்ப்பாள்.

மெல்ல மெல்லத் தெருமுனைக் கடை அவளுக்குப் பிடிக்காமல் போனது. அவன் கொத்தமல்லி வாடல், எடையில் கை வைக்கிறான், சிவாஜிநகர் மார்க்கெட்டில்தான் எல்லாம் பசுமையாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக் கறியும் அங்கேதான், அந்தக் குறிப்பிட்ட பாயிடம்தான். பஸ்ஸில் திரும்பி வந்தால் கீரை நசுங்கிவிட்டது என்று காட்டுவாள். "கூட்டத்துல ஏறாதீங்க. நடந்தே வந்துடுங்க. நான் ஒண்ணும் அவசரப்படல."

நடந்தேன். காக்ஸ் டவுனிலிருந்து சிவாஜிநகர்வரை நகரம் மாறிக்கொண்டே வரும். தேவாலய மணி முடியும் இடத்தில் பாங்கு தொடங்கும். துணிக்கடை வாசலில் தண்ணீர் தெளித்த மண் வாசம், அடுத்த அடியில் ஆட்டுத்தொட்டி வாசம், அதற்கடுத்து மல்லிகை. கல் பெயர்ந்த நடைபாதை, அடியில் சாக்கடை, ஒரு சமயம் அதில் செருப்பு மாட்டி அறுந்தது. காலில் கீறல். கறி பாய் பார்த்துவிட்டு, சுகர்காரருக்கு இதெல்லாம் ஆகாது சாப் என்று மஞ்சள்தூள் வைத்தார். அன்று வீட்டுக்கு வந்து அட்டைப்பெட்டியை இறக்கினேன். ஷூவின் உள்ளே காகிதம் திணித்தபடியே இருந்தது. போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றேன். அப்பாவின் கால்கள். சரோஜா சமையல்கட்டு வாசலுக்கு வந்து நின்றாள்.

கையில் பை இருந்ததால் யார் கேட்டாலும் பதில் இருந்தது. மார்க்கெட்டுக்கு. மார்க்கெட்டிகெ. மார்க்கெட் ஜாரௌம். தமிழ், கன்னடம், உருது, மூன்று மொழியிலும் சொல்லப் பழகினேன்.

ஆனால் பயம் வேறு பக்கத்திலிருந்து வந்தது. தினமும் எதையாவது மறக்கிறாளே இவள். ஒருநாள் உப்பையே மறந்தாள். உப்பை எந்தப் பெண் மறப்பாள்? தொழிற்சாலையில் என்னோடு வேலை பார்த்தவரின் மனைவிக்கு இப்படித்தான் தொடங்கியது. முதலில் சாமான், பிறகு தெரு, கடைசியில் புருஷனைப் பார்த்து நீங்க யாரு என்று மரியாதையாகக் கேட்டாராம்.

அந்த நினைப்பு வந்தபின் என் நடை மாறியது. வேகமாக நடந்தேன். சோற்றைக் குறைத்தேன். மாத்திரையை நானே எடுத்துப் போட்டுக்கொண்டேன். இவள் என்னை மறந்துபோகும் நாளில், இவளை அழைத்துக்கொண்டு நடக்க எனக்கு இரண்டு காலும் வேண்டும். மார்க்கெட் போகும் வழியெல்லாம் இதையேதான் சொல்லிக்கொண்டு போனேன். எனக்காக நடக்கச் சொன்னபோது எழாத உடம்பு அவளுக்காக எழுந்துகொண்டது.

6

யாரிடமும் சொல்லாமல் கிளினிக்குக்குப் போய் டாக்டரம்மாவிடம் சொன்னேன். வயதானவர், கன்னடக்காரர், கண்டோன்மென்ட்டிலேயே பிறந்ததால் நல்ல தமிழ் பேசுவார். அடுத்த முறை என் பரிசோதனைக்கு அவளையும் கூட்டி வாருங்கள், பேச்சோடு பேச்சாகப் பார்க்கிறேன் என்றார்.

கூட்டிப் போனேன். என் ரத்தத்தைப் பற்றிப் பேசிவிட்டு, டாக்டரம்மா சரோஜா பக்கம் திரும்பினார். நான் மூன்று வார்த்தை சொல்கிறேன், கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிச் சொல்லுங்கள் என்றார். மரம், ரயில், தட்டு. பிறகு வினோவைப் பற்றிப் பேசினார், மழையைப் பற்றிப் பேசினார். நான் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"இப்ப சொல்லுங்கம்மா, என்னென்ன சொன்னேன்?"

"மரம், ரயில், தட்டு" என்றாள் சரோஜா. "இவருக்குக் காலைல ஒரு மாத்திரை, ராத்திரி பாதி. போன தபா அந்தப் பாதியக் கொறைக்கலாம்னு சொன்னீங்க, அப்புறம் எழுதிக் குடுக்க மறந்துட்டீங்க. அன்னிக்கு நீங்க பச்சைப் பொடவை. அதுக்கு முந்தின தபா இவரு கால்ல கீறல் இருந்துது, எடது கால்." நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள், டாக்டரம்மாவைப் பார்த்தாள். "யாருக்கு மறதின்னு சொன்னாரு இவரு?"

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உங்கள் வீட்டுக்காரரின் சர்க்கரை இவ்வளவு நன்றாக இருந்து நான் பார்த்ததே இல்லை என்று மட்டும் சொன்னார்.

வெளியே வந்தோம். ஆட்டோவைக் கைகாட்டினேன். அவள் என் கையைத் தாழ்த்திவிட்டு நடக்கத் தொடங்கினாள். தெரு திரும்பியதும் கேட்டாள்.

"எனக்கு புத்தி கெட்டுப்போச்சுன்னு எத்தினி நாளா நெனச்சுக்கினு இருக்கீங்க?"

"உப்ப மறந்த அன்னியிலேந்து" என்றேன்.

"உப்பு மேல் அலமாரில இருந்துது." கொஞ்ச தூரம் நடந்தாள். "எங்கப்பா ஒக்காந்தே போனாரு. எத்தினி பேரு சொன்னாங்க, நடங்க நடங்கன்னு. எங்கம்மா அழுதுது. எங்கடீ நடக்கறது, எதுக்குன்னு யாராவது கேட்டா இன்னா சொல்றதுன்னு எங்கப்பா கேட்டாரு. அப்ப யாருக்கும் அவரு கையில ஒரு பைய குடுக்கணும்னு தோணல." என் பக்கம் திரும்பினாள். "நீங்களும் அந்த ஊரு ஆளுதான. அதான் குடுத்தேன்."

நான் அழுதேனா என்று கேட்காதீர்கள். நடைபாதைக் கல் ஒன்று ஆடியது, குனிந்து அதைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

"சரி, நான் புத்தி கெட்டவள்னு தெரிஞ்சப்புறம் இன்னா பண்றதா இருந்தீங்க?" என்றாள் கடைசியில்.

"கையப் புடிச்சுக்கினு நடக்கறதா இருந்தேன்."

"அதுக்கு புத்தி வேற கெடணுமா" என்றாள்.

7

குட்டு உடைந்ததும் ஒரு சிக்கல். அவளுக்கு மறக்க வெட்கம், எனக்குக் கேட்க வெட்கம். வீட்டில் எல்லாச் சாமானும் இருந்தன. பை ஆணியில் தொங்கியது. நான் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தேன். சரோஜா அந்த நாற்காலியைப் பார்க்காமல் அந்தப் பக்கம் போய்வந்தாள். அவள் யாருடைய நாற்காலியைப் பார்க்காமல் போகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. இரண்டு மூன்று நாள் அப்படிப் போயிருக்கும். உடம்பு அரித்தது. கால்கள் தாமாக மார்க்கெட்டை நினைத்தன. காலையில் எழுந்து ஷூவைப் போட்டேன். பையை எடுத்தேன்.

"நேத்து புதினா வாங்க மறந்துட்டேன்" என்றேன்.

"நான் புதினா கேக்கவே இல்லியே."

"அதான் மறந்துட்டேன்."

அவள் என்னை ஒரு நொடி பார்த்தாள். அடுப்பை அணைத்தாள். கையை முந்தானையில் துடைத்தாள். என் கையிலிருந்த பையை வாங்கி மறுபடி ஆணியில் மாட்டினாள். "நானும் வரேன்" என்றாள்.

பையில்லாத கை காற்றில் லேசாகத் தெரிந்தது. தெருவில் இறங்கினோம். எதிர்வீட்டு அம்மா, அன்று பால் கொடுத்தாரே அவர்தான், வாசலில் கோலப்பொடிக் கிண்ணத்தோடு நிமிர்ந்து, இரண்டு பேரும் ஜோடியாகப் போவதைப் பார்த்துவிட்டு வாய்நிறையக் கேட்டார்:

"எல்லிகெ சார், பெளிகெ பெளிகெ?"

காலங்காத்தாலே எங்கே சார் என்கிறார். முதுகு பழைய வழக்கத்தில் ஒருமுறை சில்லிட்டது. மார்க்கெட்டிகெ என்ற சொல் நாக்கின் நுனிவரை வந்தது. சரோஜா என்ன சொல்லப்போகிறேன் என்று பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சும்னே" என்றேன்.

கன்னடத்தில் சும்மாவுக்கு அதுதான் சொல். அந்த அம்மா சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டுக் குனிந்து கோலத்தைத் தொடர்ந்தார். அடுத்த கேள்வி ஒன்றும் வரவில்லை. நாங்கள் மார்க்கெட் இருக்கும் பக்கத்துக்கு நேர் எதிர்ப்பக்கமாக நடந்தோம்.